பழைய ரெட்மி நோட் 4-ல் லினேஜ்ஓஎஸ் போடலாமா?

ஏற்காட்டில் இருக்கிறேன், 2017-ல் வாங்கிய போன் திணறுது என்கிறீர்கள். லினேஜ்ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச ஓஎஸ், தாராளமாகப் போடலாம். அம்மாவுக்கும் அதே மாடல்தான். சேலத்தில் பேட்டரி மாற்றிவிட்டு நானே போட்டுக் கொடுத்தேன்.

பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் புரோகிராம்) அன்லாக் செய்ததுமே போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலில் பேக்கப். உங்கள் மாடலின் குறிப்பெயர் 'மிடோ'. அந்தப் பெயருள்ள ஃபைலை மட்டும் இறக்குங்கள், மாற்றி ஏற்றினால் போன் எழுந்திருக்காமல் போகலாம். பிறகு வால்யூம் கீழ் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்தி ஃபாஸ்ட்பூட்டுக்கு (லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் நிலை) போய், ரெக்கவரி (புதிய சிஸ்டத்தை ஏற்ற உதவும் சிறு புரோகிராம்) ஏற்றி, அதிலிருந்து சைட்லோட், அதாவது லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே அந்த ஃபைலை அனுப்பி ஏற்றுவது. மலையில் மழை வந்தால் கரண்ட் போகுமே, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும்! முதல்முறை ஆன் ஆக நேரமெடுக்கும். பயந்து பட்டனை அழுத்தாதீர்கள். கூகுள் ஆப்கள் கூடவே வராது, வேண்டுமென்றால் முதல் பூட்டுக்கு முன்பே ஏற்றணும். சில பேங்க் ஆப்கள் முரண்டு பிடிக்கும்.