கால்பந்து உலகக் கோப்பையில் தன் அணி நாக் அவுட்டில் தோற்றதிலிருந்து என் கணவர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. அது நம் நாட்டு அணிகூட இல்லை. இது இயல்பா? எப்படிச் சமாதானப்படுத்துவது?

"அது நம் நாட்டு அணிகூட இல்லை" என்ற வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக முடியவில்லை. பள்ளியில் படித்த காலத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் நெதர்லாந்து ரசிகை.

முதலில் உங்கள் கேள்விக்கு: ஆம், இயல்புதான். எந்தச் சுற்று என்று நீங்கள் சொல்லவில்லை. காலிறுதி அல்லது அரையிறுதியாக இருக்கும், அநேகமாக ஆட்டம் சமனாகி, பெனால்டி ஷூட் அவுட்டில் போயிருக்கும். நீங்களும் நல்லெண்ணத்தில் "விளையாட்டுதானே, விடுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கப்புறம்தான் அவர் சுத்தமாகப் பேச்சை நிறுத்தியிருப்பார். உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

லீக் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. நாக் அவுட்டில் அடுத்தது என்று ஒன்று கிடையாது. அடுத்த வாய்ப்புக்கு நான்கு ஆண்டுகள், அதுவும் தகுதி பெற்றால். நெதர்லாந்து 2014இல் மூன்றாம் இடம் பிடித்தது. அதன்பின் 2016 யூரோவுக்கும் (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) தகுதி பெறவில்லை, 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. ரொபன், ஸ்னைடர், வான் பெர்சி என்ற ஒரு தலைமுறையே அந்த இடைவெளியில் முடிந்துவிட்டது. 2010 இறுதிப் போட்டியில் ரொபன் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் அடித்தது ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸின் காலில் பட்டு வெளியே போனதே, அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ரசிகர்கள் அழுவது ஒரு ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. அந்த வீரர்களை அந்தச் சட்டையில் இப்படி ஒரு மேடையில் இனிப் பார்க்கப் போவதில்லை என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

சரி, சொந்த நாடு இல்லையே என்பதற்கு வருகிறேன். 1998 காலிறுதி, மார்செய் நகரம், அர்ஜென்டினாவுடன் 1-1, ஆட்டம் முடியும் நேரம். பின்னாலிருந்து ஃப்ராங்க் டி போர் நீளமாக ஒரு பந்தை அனுப்புகிறார். பெர்க்காம்ப் ஓடிப்போய்க் காற்றிலேயே அதைக் காலால் இறக்குகிறார், இரண்டாவது தொடுகையில் அர்ஜென்டினாவின் தடுப்பு வீரர் அயாலாவைக் கடக்கிறார், மூன்றாவது தொடுகை கோல். நான் அப்போது சிறுமி. அந்த மூன்று தொடுகைகளைப் பார்த்த பிறகு எனக்கு வேறு அணி இல்லை. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றார்கள். பிடித்துப்போன அணியை அதன் தோல்வியோடு சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் கணவருக்கும் இப்படி ஒரு கோலோ ஒரு வீரரோ இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். என் கணவர் அர்ஜென்டினா ரசிகர். 2022 டிசம்பரில், கத்தாரின் லுசைல் மைதானத்தில் காலிறுதியில் இரண்டு அணிகளும் மோதின. எங்களுக்கு அது நள்ளிரவு. மகள் தூங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் சோபாவின் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

அர்ஜென்டினாவின் மொலினா முதல் கோல். 73ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி, 2-0. முடிந்தது என்று நினைத்தபோது 83ஆவது நிமிடத்தில் எங்கள் வெக்ஹார்ஸ்ட் தலையால் முட்டி ஒன்று போட்டார். அப்புறம் கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் பதினோராவது நிமிடத்தில், கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குச் சற்று வெளியே எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். ஆட்டமே முடியப்போகிறது. உலகத்தில் எந்த அணியும் அங்கே நேராகக் கோலுக்குத்தான் அடிக்கும். கூப்மைனர்ஸ் ஓடிவந்து, அடிப்பதுபோல் காலை ஓங்கி, தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகத் தட்டிவிட்டார். வெக்ஹார்ஸ்ட் முதுகில் ஆளைத் தாங்கிக்கொண்டே திரும்பி அடித்தார். 2-2. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய அந்த நொடியில் ஒரு ஒத்திகை பார்த்த தந்திரத்தை நம்பிச் செய்யும் தைரியத்துக்காகவே நான் இந்த அணியை நேசிக்கிறேன். மகள் எழுந்துவிடும் அளவுக்குக் கத்தினேன்.

பிறகு பெனால்டி ஷூட் அவுட். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் பார்த்தது ஒரு செயலியில், முழு ஆண்டுக்கும் சந்தா கட்டி. மாடி வீட்டில் கேபிள் இணைப்பு. அவர்களும் அர்ஜென்டினா ரசிகர்கள். எங்கள் திரை அவர்களைவிட அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கி ஓடியது. எங்கள் கேப்டன் வான் டைக் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே கூரை அதிரக் கத்தினார்கள். அவர் இன்னும் ஓடவே தொடங்கவில்லை, அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் அதைத் தடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெர்க்ஹாயிஸுக்கும் அப்படியே. என்ஸோ ஃபெர்னாண்டஸ் அடிப்பதற்கு முன்னால் மேலே "ஐயோ" என்று கேட்டது. கொஞ்ச நேரத்துக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில் லவுதாரோ நடந்து வரும்போதே மாடியில் குதிக்கும் சத்தம். முடிவு தெரிந்துபோனது. ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் அடித்து முடிக்கும்வரை பார்த்தேன்.

பணம் கட்டிப் பார்ப்பவர்களுக்கு ஆட்டத்தை ஆட்டம் நடக்கும்போது காட்டுவது குறைந்தபட்ச மரியாதை. புகார் எழுதினேன், "உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள்" என்று ஒரு பதில் வந்தது. என் இணையத்தில் எந்தக் குறையும் இல்லை. நேரலை என்று பெயர் வைத்துவிட்டு இப்படிக் காட்டுவது ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் எழுந்து குதிக்கவில்லை. தன் அணி அரையிறுதிக்குப் போயிருக்கிறது, அவருக்குள் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அர்ஜென்டினா வீரர்கள் சிலர் தோற்று நின்றவர்களைப் பார்த்துக் காதில் கை வைத்துக் கேலி செய்துகொண்டே ஓடிய காட்சி வந்தபோது, "இது தேவையில்லாதது" என்று மட்டும் சொன்னார். (நெதர்லாந்துக்காரர்களும் அதற்குமுன் பெனால்டி அடிக்கப் போனவர்களைச் சீண்டினார்கள் என்று யாராவது சொல்ல வருவீர்கள். சீண்டினார்கள். அதற்காகக் கீழே விழுந்தவர்களை அப்படிப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.) அப்புறம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மகளைத் தூங்க வைக்கப் போய்விட்டார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் முழுக்க நான் அதிகம் பேசவில்லை. வான் ஹால் பயிற்சியாளராக இருந்த 2014, 2022 இரண்டு உலகக் கோப்பைகளிலும் நெதர்லாந்து ஆடிய நேரத்துக்குள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இரண்டு முறையும் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில்தான் வழி அடைபட்டது. புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே அணியை நடத்திக் கூட்டிவந்த மனிதர் அவர். அதுதான் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மாலையில் என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த ஃப்ரீ கிக்கில் கூப்மைனர்ஸ் கண்ணால் ஏதாவது சைகை காட்டினாரா, திரும்பப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்த்தோம். நான் பேச ஆரம்பித்தேன், வெகுநேரம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை மீட்டது அந்தக் கேள்விதான்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். 1996 யூரோ காலிறுதியில் நெதர்லாந்து பிரான்ஸிடம் பெனால்டியில் தோற்ற ஜூன் 22 அன்று, அந்த நாட்டில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களிடையே மாரடைப்பு, பக்கவாத மரணங்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயின என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வந்தது. பெண்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. இதை உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பி, "பாருங்கள், பெண்களுக்கு நிஜமாக வலிப்பதில்லை" என்று எழுதினார். இதே ஆள்தான் ஒவ்வொரு குடும்ப விழாவிலும் என்னிடம் ஆஃப்சைடு விதி என்றால் என்ன என்று விளக்கச் சொல்வார். என் கணவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில் செய்த ஆய்வில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசரச் சிகிச்சைகள் மொத்தத்தில் 2.66 மடங்காகவும், பெண்களிடம் மட்டும் 1.82 மடங்காகவும் இருந்தன. அதை அந்த உறவினருக்குத் திருப்பி அனுப்பினேன். பதில் வரவில்லை. எங்கள் ரசனைக்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டிய நிலை எப்போது போகுமோ தெரியவில்லை. கணவர், தம்பி, அப்பா யாரோ பார்ப்பதால் நாங்களும் பார்க்கிறோம் என்று நினைப்பதை நிறுத்துங்கள்.

இந்த ஆய்வுகளைச் சொன்னது உங்களைப் பயமுறுத்த இல்லை. உடம்பே இவ்வளவு எதிர்வினை காட்டும்போது இதை நாடகம் என்று ஒதுக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன். உங்கள் கணவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு முன் மருந்தைத் தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

உலகில் போரும் பசியும் இருக்கும்போது பந்தாட்டத்துக்கு அழுவதா என்று கீழே யாராவது கேட்பார்கள். போருக்கும் பசிக்கும் வருந்துகிற அதே மனிதர்கள்தான் இதற்கும் வருந்துகிறார்கள்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2002, 2006, 2010 உலகக் கோப்பைக் காலக் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடியிருந்தன. ஜெயித்த, டிரா ஆன நாட்களில்கூட 26 சதவீதம் கூடியிருந்தன. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, மௌனம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அவர் உங்களிடம் கத்தினாலோ கை ஓங்கினாலோ அதைத் தோல்வியின் வருத்தம் என்று பொறுத்துப்போகாதீர்கள். அது வேறு விஷயம், உடனே உதவி தேடுங்கள். அதேபோல் 2020 யூரோ இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்காகப் பெனால்டி தவறவிட்ட ரேஷ்ஃபோர்ட், சான்சோ, 19 வயது சாக்கா மூவர் மீதும் இணையத்தில் இனவெறியைக் கொட்டியவர்களையும் நான் ரசிகர்கள் என்று சொல்ல மாட்டேன். மான்செஸ்டரில் ரேஷ்ஃபோர்டின் சுவரோவியத்தில் எழுதியிருந்த அசிங்கத்தைத் தாளில் வெட்டிய இதயங்களாலும் கடிதங்களாலும் மூடினார்களே, அவர்கள்தான் ரசிகர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்னும் ஒருநாள் விடுங்கள். பிடித்ததைச் சமைத்து வையுங்கள், ஆனால் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். "அடுத்த தடவை ஜெயிப்பார்கள்" என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள், அடுத்த தடவை இதே வீரர்கள் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆட்டத்தில் உங்களுக்கு உண்மையாகவே புரியாத ஒன்றைக் கேளுங்கள். பெனால்டி அடிக்கும் வரிசையை யார் முடிவு செய்வார்கள், அந்த வீரரை ஏன் கடைசிக்கு வைத்தார்கள், இப்படி ஏதாவது. 2022இல் குரோஷியாவுடனான ஷூட் அவுட்டில் நெய்மார் தன் முறை வரும் முன்பே பிரேசில் வெளியேறியது, அதைப் பற்றி இன்றுவரை ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பதில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

எந்த அணி என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்த ஆட்டத்தை நான் பார்த்திருந்தால், அவரிடம் கேட்க இன்னும் சரியான கேள்வி ஒன்றைச் சொல்கிறேன்.