பார்க்கிறவர்கள் எல்லாம் அம்மாவுக்கு உறவினர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். சில மாதங்களாக யாரைப் பார்த்தாலும் தெரிந்தவர் என்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையனைத் தன் தம்பி என்று சொல்லி, மோர் கொடுத்து உட்காரவைக்கிறார். மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல அழுகிறார். போன வாரம் வாசலில் வந்து நின்ற யாரோ ஒருவருக்கு மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கப் போய்விட்டார். என்னையோ சில சமயம் 'நீ யாரும்மா?' என்கிறார். பொய் சொல்லித்தான் சமாளிக்க வேண்டுமா?

— வாசகி, மயிலாடுதுறை

பதில்: மாமா இறந்த செய்தியை இனி அம்மாவிடம் நீங்களாகச் சொல்லாதீர்கள். சொன்ன செய்தி சிறிது நேரத்தில் மறந்துவிடும். அது உண்டாக்கிய துக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. காரணம் தெரியாமலேயே அன்று முழுவதும் அவர் கலங்கியிருக்கக்கூடும். நாளை அந்தப் பையனைப் பார்த்ததும் மறுபடியும் தம்பிதான்.

ஒரு முகத்தைப் பார்த்ததும் 'இவரைத் தெரியுமே' என்ற உணர்வு முதலில் எழுகிறது. யார், எங்கே பார்த்தோம் என்ற விவரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விவரம் கிடைக்காவிட்டால், நம் மூளையின் முன்பகுதி 'வேறு யாரோ போலிருக்கிறது' என்று நம்மைத் தடுத்துவிடும். பஸ்ஸில் யாரையோ பார்த்துச் சிரித்துவிட்டு, ஆள் மாறிவிட்டதை உணர்ந்து நாம் கூச்சப்படுவது அதனால்தான். அல்சைமர் நோயில் விவரத்தைச் சேமித்துத் தரும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதலில் பழுதாகிறது. சரிபார்க்கும் வேலையும் நாளடைவில் தளர்கிறது. ஆனால் தெரிந்தவர் என்ற உணர்வு மட்டும் எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஓர் ஆளைப் பழைய நினைவிலிருந்து மூளை எடுத்துத் தருகிறது. அம்மா கதை கட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே தம்பி வந்திருக்கிறார். அதனால்தான் வாதம் செய்து பயனில்லை.

பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. 'ஆமாம், மாமாதான்' என்று உறுதி சொல்லவும் வேண்டாம், 'இல்லை' என்று மறுக்கவும் வேண்டாம். 'தம்பி ஞாபகம் வந்துவிட்டதா அம்மா? சின்ன வயதில் அவர் ரொம்பக் குறும்பாமே?' என்று கேளுங்கள். அவர் தேடுவது தம்பியை. தம்பியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் மனம் ஆறும். 'தம்பி எங்கே?' என்று நேராகக் கேட்டால், 'அவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறதா?' என்று அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். சிலிண்டர் பையனிடம் தனியாக நிலைமையைச் சொல்லிவையுங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு 'வருகிறேன்' என்று சொல்லிப் போனால் போதும். நம் ஊரில் இதற்கு மறுக்கிறவர்கள் குறைவு.

மோதிர விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லோரும் தெரிந்தவர்களாகத் தோன்றும்போது ஏமாற்றுகிறவர்களும் அப்படித்தான் தோன்றுவார்கள். தங்க நகைகளை வாங்கி வைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த மாதிரியில் கவரிங் போட்டுவிடுங்கள். வாசலில் கிரில் கதவு இருந்தால் பூட்டிவையுங்கள், ஆனால் அவரை உள்ளே தனியாக விட்டுப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு, கைப்பேசியில் வரும் ஓடிபி எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தினரிடம் மறைக்காதீர்கள், தெரிந்தால்தான் ஒரு கண் வைத்திருப்பார்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணையும் குறித்துவையுங்கள்.

உங்களை 'யாரும்மா?' என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. அயலாருக்கு மோர், பெற்ற பெண்ணிடம் இந்தக் கேள்வியா என்று தோன்றும். பாசம் குறைந்ததால் அல்ல. அவர் மனத்தில் இருக்கும் மகள் பல நேரம் பாவாடை தாவணி கட்டிய பெண். எதிரே நிற்பது நரை கண்ட பெண்மணி. 'நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள். அறைக்குள் வரும்போதே உங்கள் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே வாருங்கள். முகம் பிடிபடாத பலருக்குக் குரல் பிடிபடுகிறது. 'நீ என் மகள் மாதிரியே வேஷம் போட்டு வந்தவள்' என்று சந்தேகப்பட்டால் அது வேறு நிலை. 1923இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் காப்கிராஸ் என்கிறோம். அப்போது பயமும் கோபமும் சேர்ந்து வரும் என்பதால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் போன்றவை காரணமாக இருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சளி, அரிப்புக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும் முதியோரைக் குழப்பும். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள், மங்கலாகத் தெரியும் முகம் எவர் முகமாகவும் மாறும்.

யாருக்கும் தொந்தரவில்லாத இந்த உறவு கொண்டாடலுக்காக மனநோய் மருந்து கேட்காதீர்கள். மறதி நோயுள்ள முதியோரில் அவை மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் எச்சரித்தது. இல்லாத ஆட்கள் தெரிவதும் உடல் விறைப்பும் இருந்தால் அது லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். அதில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து மிகவும் ஆபத்தானது. எனவே அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது இல்லாத ஆட்கள் தெரிவது, உடல் விறைப்பு இரண்டும் உண்டா என்பதைச் சொல்லுங்கள், வீட்டில் அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.