ஸ்க்ரில்லா நெட்டெல்லரா: பணம் எடுப்பதை வைத்து முடிவு செய்யுங்கள்

பந்தயத் தளத்தில் உங்கள் கணக்கு யூரோவில், வங்கிக் கணக்கு டாலரில் என்றும், ஸ்க்ரில், நெட்டெல்லர் என்ற இரண்டு வாலட்டுகளில் (இணையத்தில் பணம் வைத்து அனுப்பும் கணக்குகள்) எது நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பேசேஃப் என்ற ஒரே நிறுவனத்துடையவை. அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாணயத்தைப் பாருங்கள்.

வாலட்டை டாலரில் வைத்தால், தளத்துக்கு 100 யூரோ போடும்போது ஒரு முறை நாணயம் மாறும், ஜெயித்து எடுக்கும்போது இன்னொரு முறை மாறும். ஒவ்வொரு முறையும் மாற்று விகிதத்தின் மேல் ஒரு கட்டணம் சேரும். ஆடாமல் அப்படியே திருப்பி எடுத்தாலும் கைக்கு வரும் தொகை குறையும்! வாலட் யூரோவில் இருந்தால், வங்கிக்கும் வாலட்டுக்கும் இடையில் மட்டும்தான் இந்த வெட்டு. முதல் பணம் போடுவதற்கு முன்பே இதைச் சரிபாருங்கள்.

அப்புறம் போனஸ். இந்த இரண்டு வாலட்டிலிருந்தும் போடும் பணத்துக்கு வரவேற்பு போனஸ் (புதிதாகச் சேர்பவருக்குத் தளம் தரும் கூடுதல் தொகை) கிடையாது என்று பல தளங்களின் விதிகளிலேயே இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள்.

வாலட்டிலும் தளத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்; அடையாளச் சரிபார்ப்பை இப்போதே முடித்துவிடுங்கள். பெரும்பாலும் போட்ட வழியிலேயேதான் பணம் திரும்பும். அங்கே பெயர் பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எடுத்த பணத்தை வாலட்டில் விட்டுவைக்காதீர்கள். ஒரே சொடுக்கில் அது மறுபடி பந்தயத்துக்குப் போய்விடும். அன்றே வங்கிக்கு மாற்றுங்கள், மாதத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று தளத்தில் ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள். உங்கள் நாட்டில் இது சட்டப்படி செல்லுமா என்பதை இதற்கெல்லாம் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.