எல்க் மான் திரியும் காட்டில் கூகர் தடம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். எல்க் மான் இருக்கும் இடத்தில், மலைச்சிங்கம் எனப்படும் பெரிய பூனை இன விலங்கான கூகரும் இருக்கும் என்கிறார்கள். பனியில் ஒரு தடத்தைப் பார்த்தால், கூகரா நாயா ஓநாயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: எல்லாரும் முதலில் நகக்குறியைத்தான் தேடுவார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடக்கும் என்பது சரிதான். ஆனால் வழுக்கும் சரிவில் கூகரும் நகத்தை நீட்டிப் பிடிக்கும். நகம் வெட்டிய வளர்ப்பு நாயின் தடத்தில் நகக்குறி விழாமலே போகலாம்.

பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய மெத்தையான திண்டுதான் நம்பகமானது. கூகருக்கு அதன் பின்விளிம்பு மூன்று மடிப்பாக வளைந்திருக்கும், முன்விளிம்பு தட்டையாகவோ நடுவில் லேசாகக் குழிந்தோ இருக்கும். நாய்க்கும் ஓநாய்க்கும் திண்டு கிட்டத்தட்ட முக்கோணம், முன்னால் ஒரே முனை. அடுத்து விரல்கள். நம் நடுவிரலைப் போல கூகரின் ஒரு விரல் மற்றவற்றைவிட முன்தள்ளி நிற்கும். அது இடப்பக்கம் தள்ளியிருந்தால் வலது கால், வலப்பக்கம் தள்ளியிருந்தால் இடது கால். நாயின் நான்கு விரல்களும் இருபுறமும் ஒத்திருக்கும். நாய்த் தடத்தில் விரல்களுக்கும் திண்டுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டால் கோடுகள் எதையும் தொடாமல் போகும். கூகர் தடத்தில் பெரிய திண்டு வழியை மறித்துவிடும்.

அளவுக்கு உங்கள் பையில் உள்ள ஈசி-லிங்க் அட்டையே போதும். நீளம் 8.5 செ.மீ., அகலம் 5.4 செ.மீ. வளர்ந்த கூகரின் தடம் அட்டையின் நீளத்தை ஒட்டி அகலமாக இருக்கும். பாப்கேட் எனும் சிறு காட்டுப்பூனையின் தடம் அட்டையின் குறுக்களவைத் தாண்டுவது அரிது. லின்க்ஸ் எனும் இன்னொரு காட்டுப்பூனையின் தடமும் பெரியதுதான், ஆனால் பாதம் முழுக்க முடி என்பதால் விளிம்பு மங்கலாக இருக்கும், திண்டு சிறுத்துத் தெரியும். அளக்கும்போது குழியின் அடித்தளத்தை அளக்க வேண்டும், மேல்விளிம்பை அல்ல. வெயில் பட்டு உருகிய பனியில் நரியின் தடம்கூட இரண்டு நாளில் கூகர் தடமாகிவிடும்! படமெடுப்பதானால் அட்டையைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். உச்சிவெயிலில் குழியே தெரியாது.

ஒரே தடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே வழியில் பத்துத் தடமாவது பாருங்கள். பனியில் கூகர் முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலை வைத்து நடக்கும்.

குளிர்காலத்தில் சொந்தக் காருக்குத் திறந்திருப்பது வடவாசலான கார்டினரிலிருந்து குக் சிட்டி போகும் சாலை மட்டும்தான். அதுவும் நல்லதே: பனி குறைந்த சரிவுகளைத் தேடி எல்க் கூட்டம் இறங்குவது அந்தப் பக்கம்தான். கூகரும் பின்னாலேயே வரும். புல்வெளி நடுவில் தேடாமல், காட்டின் ஓரம், பாறை விளிம்பு, இரு குன்றுகளுக்கு இடையிலான தாழ்வான கணவாய் ஆகிய இடங்களைப் பாருங்கள்.

கேள்வி: மரப்பட்டை கிழிந்திருந்தால் கூகர் நகமா? இரவில் அலறல் கேட்டால்?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: பெரும்பாலும் இரண்டுமே எல்க்கின் வேலை. ஆஸ்பென் மரத்தின் வெள்ளைப் பட்டையைக் குளிர்காலத்தில் எல்க் பல்லால் சுரண்டித் தின்னும். அந்தக் காயம் பிறகு கறுத்துப்போகும். இளமரங்களில் பட்டை நார்நாராகத் தொங்கினால், ஆண் எல்க் கொம்பைத் தேய்த்த இடம். செப்டம்பரில் கேட்கும் நீண்ட கீச்சு விசில் ஆண் எல்க்கின் இணைசேர்க்கைக் குரல். கூகரும் அலறும்தான், ஆனால் அதைக் கேட்பது அபூர்வம்.

கூகர் விடும் அடையாளம் தரையில் இருக்கும். ஆண் கூகர் பின்கால்களால் சருகையும் மண்ணையும் பின்னோக்கித் தள்ளும். அருகருகே இரண்டு பள்ளம், கடைசியில் ஒரு சிறு மேடு, சில சமயம் அதன்மேல் சிறுநீரோ எச்சமோ. பாறைக்கூரைக்கு அடியிலோ பெரிய மரத்தடியிலோ தேடுங்கள்.

கேள்வி: சருகால் பாதி மூடிய எல்க் உடலைக் கண்டால் என்ன செய்வது?
- யீஷூன் வாசகர்

பதில்: திரும்பி வந்துவிட வேண்டும், வந்த வழியே, சத்தமாகப் பேசிக்கொண்டு. இது கூகரின் வலுவான தடயம். ஆனால் இதுதான் மிக ஆபத்தானதும். கூகர் இரையை இழுத்துப்போய்ச் சருகு, சுள்ளி, பனி எதையாவது போட்டு மூடிவிட்டு, அருகிலேயே படுத்திருந்து, பல நாள் வந்து தின்னும்.

ஓநாய்க் கூட்டம் கொன்றிருந்தால் எலும்பு நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். கூகர் கழுத்தையோ தொண்டையையோ கவ்விக் கொல்லும். முடியைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டு, விலா எலும்புக்குப் பின்னால் திறந்து, ஈரலையும் இதயத்தையும் முதலில் தின்னும். இரைப்பையைத் தனியே இழுத்துப் போட்டுவிடும். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், ஆண் கூகர் 70 கிலோ அளவு. அதனால் கன்றும் பெட்டையுமே அதிகம் பலியாகும். ஆனால் கரடியும் இரையை மண் போட்டு மூடும் என்பதால், காரணம் தேடிக் கிட்டே போகாதீர்கள். தூரத்தில் காக்கைகள் கூடி நின்றாலே விலகிப் போங்கள்.

கூகர் எதிரே வந்தால் ஓடக்கூடாது, முதுகு காட்டக்கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திப் பெரிதாகத் தெரியும்படி நின்று, உரக்கக் கத்திப் பின்வாங்குங்கள். பாய்ந்தால் திருப்பி அடியுங்கள். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இதற்கும் உதவும். அதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது என்பதால் அங்கே போய் வாங்குங்கள். பூங்கா விதிப்படி கூகரிடமிருந்து 91 மீட்டர், எல்க்கிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

கேள்வி: போவதற்கு முன் சிங்கப்பூரில் பழகிப்பார்க்க வழி உண்டா?
- ஜூரோங் வாசகி

பதில்: உண்டு. பாசிர் ரிஸ் கடற்கரையில், அலை வாங்கிய ஈரமணலில், காலையில் நாய்த்தடம் ஏராளம். குடியிருப்புப் பூனை சேற்றில் மிதித்த தடம் சிங்கப்பூரின் ஒரு டாலர் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. விரலின் சாய்வும் திண்டின் மடிப்பும் கூகருக்கு உள்ளதைப் போலவேதான். இரண்டையும் தாளில் வரைந்து பாருங்கள்.