வாசகர் கேள்வி: ஸ்டீபன் லாரன்ஸும் கட்டடக்கலைக் கல்வியும்

கேள்வி: லண்டனில் இனவெறிக்குப் பலியான ஸ்டீபன் லாரன்ஸின் பெயரில் கட்டடக்கலைப் பரிசு ஒன்று வழங்கப்படுகிறதாமே? அந்தக் கொலைக்கும் கட்டடக்கலைக்கும் என்ன தொடர்பு? எளிய குடும்பத்துப் பிள்ளைகளை அத்துறைக்குக் கொண்டுவர அங்கே என்ன செய்கிறார்கள்? எங்கள் அரசுப் பள்ளியிலும் அதைச் செய்ய முடியுமா?
– ஓர் ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: ஸ்டீபன் ஆர்க்கிடெக்ட் ஆக விரும்பிய மாணவர். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான அவர், ஆர்தர் திமோதி என்ற ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் சிறிது காலம் பயிற்சியும் பெற்றிருந்தார். 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த அவரை வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 18. புலன்விசாரணை சீர்கெட்ட விதத்தை 1999இல் மேக்பெர்சன் அறிக்கை (நீதிபதி மேக்பெர்சன் தலைமையில் நடந்த அரசு விசாரணையின் அறிக்கை) அம்பலப்படுத்தியது. அது தனியே எழுத வேண்டிய கதை.

ஸ்டீபனின் பெயரில் அவருடைய தாயார் டோரீன் லாரன்ஸ் 1998இல் நிறுவிய அறக்கட்டளை, பின்தங்கிய பின்னணியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டடக்கலை படிக்க உதவித்தொகை வழங்கியது. இன்று அதன் பெயர் 'புளூபிரின்ட் ஃபார் ஆல்'. நீங்கள் கேட்ட பரிசும் 1998இல் தொடங்கியதுதான். பரிசுக்குப் புகழ் அதிகம். ஆனால் உதவித்தொகையே பெரிய பணி என்பேன். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டம், ஓராண்டு அலுவலகப் பயிற்சி, ஈராண்டு மேற்படிப்பு, மீண்டும் பயிற்சி, இறுதித் தேர்வு என்று ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்தே ஒருவர் ஆர்க்கிடெக்டாகப் பதிவுசெய்ய முடியும் என்பதால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஆர்வமிருந்தும் பாதியிலேயே விலகிவிட நேர்கிறது.

பணத்துக்கு முந்திய தடையும் உண்டு. கல்லூரிகள் பல, சேர்க்கைக்கே வரைபடங்களும் படைப்புகளும் அடங்கிய தொகுப்பைக் கேட்கின்றன. உறவிலோ தெருவிலோ ஓர் ஆர்க்கிடெக்டைக்கூடப் பார்த்திராத மாணவிக்கு அதைத் தயாரிக்க யார் சொல்லித்தருவார்கள்? லண்டனில் 'ஓப்பன் சிட்டி' அமைப்பின் 'ஆக்சிலரேட்' திட்டம் பள்ளியின் இறுதியாண்டுகளில் இருப்போருக்குப் பயிற்சிப் பட்டறைகளையும், தொழிலில் இருப்போரின் வழிகாட்டலையும் அளித்து, இந்தத் தொகுப்பைத் தயாரிக்க உதவுகிறது. இப்படித் தொடர்ந்து உதவாமல், ஒருநாள் வந்து அட்டை வீடு ஒட்டவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் நிகழ்ச்சிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

உங்கள் பள்ளியிலும் தொடங்கலாம். நம் நாட்டில் ஐந்தாண்டு பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) படிப்புக்கான 'நாட்டா' நுழைவுத் தேர்வு வரைதிறனையும் சோதிப்பதால், பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலேயே, அளவு நாடாவையும் வரைபடத்தாளையும் கொடுத்து வகுப்பறையை அளந்து, ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற விகிதத்தில் வரையச் செய்யுங்கள். சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, பிற்பகலில் வெயில் எந்த மேசையில் விழுகிறது என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்.