நண்பகல் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ஒன்பது ஆண்டுகளாக அரிசோனாவின் டூசான் நகரில் வசிக்கிறேன். எங்கள் பகுதி நூலகம் இந்தக் கோடையில் புத்தகம், இயற்கை, பாலைவன வாழ்க்கை மூன்றையும் சேர்த்து நான்கு சனிக்கிழமைகளில் நிகழ்ச்சி நடத்துகிறது. தன்னார்வலர் என்ற முறையில் ஒரு சனிக்கிழமை என் பொறுப்பு. ஜூன் கடைசி வாரம், பகல் பன்னிரண்டு மணி என்று நேரம் குறித்திருக்கிறார்கள். நம்முடைய பாலைத் திணையை அறிமுகம் செய்யலாம் என்று நினைத்தேன். "பாலை என்றாலே பிரிவும் வறட்சியும்தானே, அதில் கொண்டாட என்ன இருக்கிறது?" என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு எதை வாசித்துக் காட்டலாம்?

எஸ்., டூசான்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நூலகர் தொல்காப்பியம் படித்தவர் போலிருக்கிறது. பாலைக்கு உரிய பொழுது வேனில், நண்பகல். இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஆனால் அந்த நேரத்தில் மட்டும் நடத்தாதீர்கள். நான் ஒரு ஜூலையில் சில வாரங்கள் உங்கள் ஊரில் தங்கியிருந்தேன். காலை பதினொரு மணிக்கு ஒரு பூங்காவில் 'இயற்கையோடு வாசிப்போம்' என்று அழைத்திருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் ஏற்பாட்டாளர்கள். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒரு பல்லிகூட வெளியே இல்லை. பாலைவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், பாலைவனம் முழுவதும் வளைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். தொல்காப்பியம் பாலைக்கு நிலமே ஒதுக்கவில்லை, பொழுதைத்தான் கொடுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, நல்லியல்பு இழந்து, 'பாலை என்பதோர் படிவம்' கொள்ளும் என்று சிலப்பதிகாரம் காரணமும் சொல்லிவிடுகிறது. நம் பாலை, காட்டுக்கு வரும் காய்ச்சல். மழை பெய்தால் தணிந்துவிடும். நீங்கள் வாழும் சொனோரன் பாலைவனமோ எதிலிருந்தும் திரிந்ததில்லை. அதன் நல்லியல்பே அதுதான். இந்த இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கணவர் தடுக்கி விழுந்ததும் அந்தச் சொல்லில்தான்.

அந்த ஊர்க்காரர்கள் ஆண்டை ஐந்து பருவமாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடை மட்டும் இரண்டு: வறண்ட முன்கோடை, பிறகு மழைக்கோடை. அந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான தொஹோனோ ஓதம் மக்களுக்குப் புத்தாண்டு பிறப்பதே இந்தக் கோடையில், சகுவாரோ என்ற உயரமான கள்ளியின் பழம் பழுக்கும்போதுதான். அந்தக் கள்ளிக்குள் விலா எலும்புபோல் இருக்கும் காய்ந்த தண்டுகளைக் கட்டி நீண்ட துறட்டி செய்து பழம் பறிக்கிறார்கள், பாகு காய்ச்சுகிறார்கள், அதைப் புளிக்கவைத்து மழையை அழைக்கும் சடங்கு செய்கிறார்கள். (இந்தச் சடங்கை நூலகத்தில் யாரும் நடித்துக் காட்ட வேண்டாம். முடிந்தால் அந்த மக்களில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.)

அவர்கள் பெயரின் பொருள் 'பாலைவன மக்கள்'. ஓதம் என்ற ஒலி தமிழில் கடலையும் ஈரத்தையும் குறிக்கும். சொல்லாராய்ச்சியாளர்கள் உடனே கிளம்பிவிட வேண்டாம், இது வெறும் ஒலி ஒற்றுமை. ஆனால் அந்த இனத்தின் கவிஞரும் மொழியியலாளருமான ஒஃபீலியா செபேடா 1995இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் பெயர் 'ஓஷன் பவர்', கடலின் ஆற்றல். பாலைவனத்தாரின் கவிதைக்குக் கடல் எதற்கு? அவர்கள் உப்பெடுக்கக் கலிஃபோர்னியா வளைகுடா வரை நடந்தே போய்வந்தவர்கள். உங்கள் நிகழ்ச்சியில் பெரியவர்களுக்கு அதிலிருந்து ஒரு கவிதை வாசியுங்கள்.

குழந்தைகளுக்கு என்றால் நான் தயங்காமல் சொல்வது பேர்ட் பெய்லர் எழுதிய 'ஐ'ம் இன் சார்ஜ் ஆஃப் செலிபிரேஷன்ஸ்'. 1986இல் வந்தது. பெய்லர் உங்கள் அரிசோனாவிலேயே வாழ்ந்தவர். பாலைவனத்தில் தனியாக இருக்கும் ஒருத்தி, பள்ளிக்கூடம் விடுமுறை விடும் பண்டிகைகள் போக, தனக்குத்தானே 108 கொண்டாட்டங்களை வகுத்துக்கொள்கிறாள். சுழல்காற்றுக்கு ஒரு நாள், ஓநாய் போன்ற கயோட்டியைக் கண்ணுக்குக் கண் பார்த்ததற்கு ஒரு நாள். 'கொண்டாட என்ன இருக்கிறது' என்று கேட்டவரையே அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு கொண்டாட்டத்தை எழுதட்டும். தேதியும் நேரமும் குறித்து எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

நேரம்: மாலை ஏழரை. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய அப்போதுதான். வாசிப்பு முடிந்ததும் வெளியே கூட்டிப் போங்கள். புற ஊதாக் கதிர் வீசும் கைவிளக்கு ஒன்று போதும். தேள்களின் மேலோட்டில் உள்ள வேதிப்பொருட்கள் அந்த ஒளியில் பச்சையும் நீலமுமாக ஒளிரும். நான் தங்கியிருந்தபோது அப்படி ஓர் இரவு நடைக்குப் போனேன். முதல் கால்மணி நேரத்தில் எட்டுத் தேள்களை எண்ணினேன், பிறகு என் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குழந்தைகளுக்கு மூடிய காலணி கட்டாயம்.

வானத்தையும் விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள கிட் பீக் வானாய்வகத்துக்காக 1972ஆம் ஆண்டிலேயே தெருவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்த ஊர் உங்களுடையது.

மழைக்கோடைக்கென்று ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிடைத்தால், அதை மண்வெட்டிக்கால் தேரைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடக்கும் இந்தத் தேரை, மழையின் அதிர்வைக் கேட்டு ஓர் இரவில் மேலே வரும். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கத்தும். குட்டையில் இட்ட முட்டை, அந்தக் குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டையாகி, கால் முளைத்து, தேரையாகி வெளியேற வேண்டும். இரண்டு வாரமோ அதற்கும் குறைவோதான் அவகாசம். இதற்கு விளக்கவுரை தேவையில்லை, ஓடைக்கரையில் நின்று கேட்டால் போதும். ஆனால் ஓடைக்குள் இறங்க விடாதீர்கள். வறண்ட ஓடையில் எங்கோ பெய்த மழை திடீரென்று வந்து நிற்கும். தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் காரை ஓட்டிச் சிக்கியவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க உங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மக்கள் அதை 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

பாலைத் திணையைக் கைவிட வேண்டியதில்லை. குறுந்தொகை 174ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஏழே அடி. மழை துறந்த காட்டில் கள்ளிக்காய் வெடிக்கிறது. அந்தக் கடுநொடி, அதாவது வெடியோசை, கேட்டு, சேர்ந்திருந்த புறாக்கள் விலகிப் பறக்கின்றன. உங்கள் ஊரில் இதுவே தலைகீழாக நடக்கிறது. மெக்சிகோவிலிருந்து வரும் வெண்சிறகுப் புறாக்கள் சகுவாரோ பழம் வெடிப்பதற்காகக் காத்திருக்கின்றன, வெடித்ததும் அலகு சிவக்கத் தின்கின்றன. நம் கள்ளி வேறு குடும்பம், அவர்களுடைய கள்ளி வேறு குடும்பம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் ஒரு தாவரவியல் ஆசிரியர் எழுந்து சொல்வார்.

பாட்டைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை படியுங்கள். 'கடுநொடி' வரும் இடத்தில் ஒரு பையனை மேசையை ஓங்கித் தட்டச் சொல்லுங்கள். எந்தப் பையன் என்பதை முன்கூட்டியே யாரிடமும் சொல்லாதீர்கள்.