உதட்டு ஃபில்லர்: ஊசி போட்ட பின் எழும் ஐயங்கள்

கேள்வி: உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசியை நேற்று போட்டுக்கொண்டேன். மேலுதட்டின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வீங்கியிருக்கிறது. மறுபக்கத்திலும் சிறிது நிரப்பிச் சமன் செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதல் இரண்டு நாட்களில்தான் வீக்கம் உச்சத்தை எட்டும். இரு பக்கமும் ஒரே அளவில் வீங்குவதும் அரிது. ஃபில்லரில் உள்ள ஹையலூரானிக் அமிலம் நீரை ஈர்க்கும் பொருள் என்பதால், உண்மையான வடிவம் தெரிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை கண்ணாடியைக் குறைவாகப் பார்ப்பது நல்லது.

கேள்வி: உதடு சாதாரணமாகக் கன்றியிருப்பதற்கும் ரத்தநாள அடைப்புக்கும் வேறுபாடு என்ன?

பதில்: எல்லோரும் வீக்கத்தையே அஞ்சுகிறார்கள், கவனிக்க வேண்டியது நிறத்தை. கன்றிய இடம் ஊதாவாகத் தோன்றி நாளடைவில் மங்கும். ஃபில்லர் தமனிக்குள் புகுந்தாலோ அதை வெளியிலிருந்து நெருக்கினாலோ, தோல் வெளுத்து, பிறகு வலை பின்னியதுபோல் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் படரும். அவை உதட்டைத் தாண்டி மூக்கின் ஓரம் வரைகூடச் செல்லலாம். விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்பச் சில வினாடிகள் தாமதமானால் அது எச்சரிக்கை. ஃபில்லரிலேயே பெரும்பாலும் லிடோகைன் என்னும் மரப்பு மருந்து கலந்திருப்பதால், வலி இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. உடனே மருத்துவரிடம் சென்று ஹையலூரானிடேஸ் ஊசி மூலம் ஃபில்லரைக் கரைக்க வேண்டும். பார்வை மங்கினால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்த மருந்தைக் கைவசம் வைத்திராத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஊசியைவிடக் கேனுலா என்னும் மெல்லிய குழாய் பாதுகாப்பானதா?

பதில்: அதன் முனை மழுங்கியது என்பதால் ரத்தநாளத்தைத் துளைக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் மிக மெல்லிய கேனுலாவும் துளைக்கக்கூடும். உதட்டின் விளிம்பைத் துல்லியமாக வரையறுக்கப் பலர் ஊசியையே விரும்புகிறார்கள்.

கேள்வி: சிறு கட்டிகள் தட்டுப்படுகின்றன. நானே அழுத்தித் தேய்க்கலாமா?

பதில்: மருத்துவர் சொல்லாமல் தேய்க்காதீர்கள். பல கட்டிகள் வீக்கத்தோடு வடிந்துவிடும். சூடும் சிவப்புமாக வலித்தாலோ, வாரங்கள் கழித்துப் புதிதாகத் தோன்றினாலோ தொற்றா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு அவ்வப்போது உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் வரும்.

பதில்: ஊசி அதைத் தூண்டலாம். முன்கூட்டியே சொன்னால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். கொப்புளம் இருக்கும்போது தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: ஊசியில்லாப் பேனாவால் வீட்டிலேயே ஃபில்லர் போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: வாங்காதீர்கள். அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் அக்கருவி, அது எந்த ஆழத்துக்குச் செல்கிறது என்பதைக் கட்டுப்படுத்த விடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் இவற்றுக்கு எதிராக எச்சரித்தது.